முதலில் எதைத் தைப்பது: திண்டு உறையா, திரைச்சீலையா, துணிப்பையா?

வீட்டுக்கு ஏதாவது தைக்கலாம் என்று மிஷின் முன்னால் உட்காரும் புதியவர்களுக்குப் பலரும் சொல்லும் யோசனை ஒன்று உண்டு: "திரைச்சீலையில் ஆரம்பியுங்கள், நாலு பக்கமும் நேர்த்தையல்தானே." எனக்கு இதில் உடன்பாடு இல்லை. நேர்த்தையல் என்பதால் மட்டும் ஒரு வேலை எளிதாகிவிடாது. ஒரே நேரத்தில் எவ்வளவு துணியைச் சமாளிக்க வேண்டும், அளவு கொஞ்சம் பிசகினால் கண்ணில் படுமா என்ற இரண்டையும் வைத்துப் பார்த்தால் வரிசையே மாறிவிடும். என் கணக்கில் முதலிடம் திண்டு உறைக்குத்தான். அதிலும் ஜிப், பட்டன் எதுவும் இல்லாமல், பின்பக்கத் துணி இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் வகைக்கு.

40 செ.மீ. சதுரத் திண்டை எடுத்துக்கொள்வோம். முன்பக்கத்துக்கு 42 × 42 செ.மீ. துண்டு ஒன்று, தையலுக்குச் சுற்றிலும் 1 செ.மீ. போய்விடும். பின்பக்கத்துக்கு 42 × 29 அளவில் இரண்டு துண்டுகள். இவை ஒவ்வொன்றிலும் 42 செ.மீ. நீளமுள்ள ஒரு விளிம்பை முதலில் 1 செ.மீ., அப்புறம் 2 செ.மீ. உள்ளே மடித்துத் தைத்துவிட்டால் அகலம் 26 ஆகும். இரண்டையும் முன்துண்டின் மேல் பரப்பினால் நடுவில் 10 செ.மீ. ஏறி நிற்கும், திண்டு வெளியே எட்டிப் பார்க்காது. மூன்று துண்டுகளின் அகலத்தையும் கூட்டினால் சரியாக 100 செ.மீ. அதாவது 110 செ.மீ. பன்னா (துணியின் அகலம்) உள்ள துணியில் ஒரே பட்டையில் முழு உறையும் வந்துவிடும். பருத்தித் துணி முதல் துவைப்பில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து வரை சுருங்கக்கூடும் என்பதால் அரை மீட்டராக வாங்கி, துவைத்து, இஸ்திரி போட்ட பிறகே கத்தரியை எடுங்கள்.

தைப்பதும் சிக்கலில்லை. முன்துண்டின் நல்ல பக்கம் மேலே பார்க்க, பின்துண்டுகளின் நல்ல பக்கம் கீழே பார்க்க, மடித்த விளிம்புகள் நடுவில் வரும்படி வைத்து, குண்டூசி குத்தி, சுற்றிலும் ஒரு தையல். தையல் நீளம் 2.5 மி.மீ., ஊசி 80 எண் போதும். துணிகள் ஏறி நிற்கும் இடத்தில் மட்டும் முன்னும் பின்னும் ஓட்டிக் கெட்டிப்படுத்துங்கள், திண்டை நுழைக்கும்போது இழுபடுவது அங்கேதான். மூலைகளில் உள்ளே இருக்கும் அதிகத் துணியைத் தையலை வெட்டிவிடாமல் சீவிவிட்டுத் திருப்பினால் வேலை முடிந்தது.

இதை நான் இவ்வளவு பரிந்துரைக்கக் காரணம், இந்த வேலையின் பெருந்தன்மை. தையல் கொஞ்சம் அலைந்து போயிருந்தாலும் உள்ளே திண்டு உப்பி நிற்கும்போது துணி இழுத்துக்கொண்டு அது தெரியாமல் போய்விடும். பின்பக்க மடிப்பு கோணலாக இருந்தால் அது சுவரைப் பார்த்துத்தானே இருக்கப்போகிறது! ஜிப் வைத்த உறை பார்க்க நறுவிசாக இருக்கும், துணியும் குறைவாகவே பிடிக்கும், ஆனால் அதற்கு மிஷினில் தனிப் பாதம் (ஊசியருகே துணியை அழுத்திப் பிடிக்கும் பாகம்) மாட்ட வேண்டும், பல்லுக்கு நெருக்கமாகத் தைக்கும் பழக்கமும் வேண்டும். நாற்காலியில் போடும் கனமான ஃபோம் மெத்தைக்கு மட்டும் ஜிப்தான் சரி. உட்கார்ந்து எழும்போதெல்லாம் ஏறி நிற்கும் பகுதி வாய் பிளந்துவிடும்.

இப்போது திரைச்சீலை. கம்பியின் நீளத்தைப் போல இரண்டு மடங்கு துணி அகலம் இருந்தால்தான் சுருக்கம் அழகாக விழும். கம்பி 120 செ.மீ. என்றால் துணி 240 செ.மீ. வேண்டும். இறக்கம் 150 என்றால் கீழே 8 செ.மீ. வீதம் இரண்டு மடிப்புக்கு 16, மேலே கம்பி நுழைக்க ஒரு 10, ஆக 176 செ.மீ. இரண்டு பாகமாகத் தைத்தாலும் இவ்வளவு துணியும் மேஜையிலிருந்து தரையை நோக்கித் தொங்கும். அந்தக் கனம் ஊசியின் அடியிலிருந்து துணியை இழுக்க, நேராகப் போக வேண்டிய தையல் வளையும். பூப்போட்ட துணியாக இருந்தால் பாகத்துக்குப் பாகம் பூக்கள் ஒரே உயரத்தில் வர வேண்டும், அதற்கு இன்னும் துணி கூடும்.

அதைவிடப் பெரிய தொல்லை நூலோட்டம், அதாவது துணியில் நூல்கள் ஓடும் திசை. குறுக்கு நூல் ஒன்றை உருவி, அது விட்டுப்போன கோட்டில் வெட்டாவிட்டால் திரை ஒரு பக்கமாகச் சாய்ந்தே தொங்கும். துணியின் கரை பல சமயம் மற்ற இடத்தைவிட இறுக்கமாக நெய்யப்பட்டிருக்கும். அதை வெட்டி எடுக்காமல் அப்படியே ஓரமாக விட்டால் பக்கவாட்டில் சுருங்கிப் பிடிக்கும். இதெல்லாம் கண் மட்டத்தில், வெளிச்சத்துக்கு எதிரே தெரியும். ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: ஓர் அறையின் முகத்தையே மாற்றும் வல்லமை இந்த மூன்றில் திரைச்சீலைக்குத்தான் உண்டு. ஆசையை அடக்க முடியாதவர்கள் ஜார்ஜெட், வாயில் (voile) போன்ற நழுவும் துணிகளை விட்டுவிட்டு, நடுத்தரக் கனமுள்ள பருத்தியில், சின்ன ஜன்னலுக்கு ஆரம்பிக்கலாம்.

துணிப்பை இந்த இரண்டுக்கும் நடுவில். மூன்றில் அதிகம் கற்றுத்தருவது இதுதான். உள் துணி இல்லாத பை என்றால் பிசிறு மறைய இரட்டைத் தையல் போட வேண்டும்: நல்ல பக்கம் வெளியே இருக்க அரை செ.மீ.யில் ஒரு தையல், அதை ஒட்டக் கத்தரித்து, பையை உள்வெளியாகத் திருப்பி 1 செ.மீ.யில் இன்னொன்று. முதல் தையலின் பிசிறு முழுவதும் இரண்டாவதற்குள் அடங்கிவிடும். அடியில் பரப்பு வேண்டுமானால் மூலையை முக்கோணமாகப் பிடித்து, நுனியிலிருந்து 5 செ.மீ. தள்ளிக் குறுக்கே தைத்தால் 10 செ.மீ. அகலத்தில் தளம் கிடைக்கும்.

கைப்பிடிதான் சோதனை. 10 செ.மீ. பட்டையின் இரு ஓரங்களையும் நடுவுக்கு மடித்து, மறுபடி இரண்டாக மடித்தால் 2.5 செ.மீ. அகலத்தில் நாலு அடுக்கு. பையின் வாய் மடிப்பு மூன்று அடுக்கு. ஆக, சேருமிடத்தில் ஊசி ஏழு அடுக்கைத் துளைக்க வேண்டும். கேன்வாஸ் என்றால் 90 அல்லது 100 எண் ஊசி போட்டு, அந்த இடத்தில் சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். சதுரம் தைத்து அதற்குள் பெருக்கல் குறியும் போட்டால் பாரம் தாங்கும். திண்டு உறையில் தையல் அழகாக இருந்தால் போதும், பையில் அது உழைக்கவும் வேண்டும்.

சூடான பாத்திரம் பிடிக்கும் மெத்தைத் துணியைச் சின்னது என்பதால் பலர் முதலில் எடுக்கிறார்கள். வேண்டாம். பஞ்சு அடுக்குகள் நழுவும், கிராஸாக (நூலோட்டத்துக்குச் சாய்வாக) வெட்டிய பட்டையை நாலு மூலையிலும் மடக்கித் தைக்க வேண்டும். துணி, பஞ்சு, நூல் மூன்றும் பருத்தியாகவே இருக்க வேண்டும், பாலியெஸ்டர் சூட்டில் உருகும்.

மிஷினே இல்லாதவர்களுக்கும் என் பதில் திண்டு உறைதான். சுற்றளவும் பின்பக்க மடிப்புகளும் சேர்ந்து மொத்தமே இரண்டரை மீட்டர் தையல். சுற்றிலும் கெட்டித் தையல் (ஒவ்வொரு முறையும் ஊசியைப் பின்னால் கொண்டுபோய்க் குத்துவது), மடிப்புகளுக்கு ஹெம்மிங் (மடித்த ஓரத்தைச் சாய்வாகப் பிடித்துத் தைப்பது) போதும். மிஷின் உள்ளவர்களும் திரைச்சீலைக்கு வரும்போது கீழ்மடிப்பை மட்டும் கையால் தையுங்கள். திரையை ஓரிரு நாள் தொங்கவிட்டு, துணி இறங்க வேண்டியது இறங்கிய பிறகு, கம்பியில் இருக்கும்போதே மடிப்பைக் குண்டூசியால் குறித்துக்கொண்டு தைத்தால் அடிவிளிம்பு தரைக்குச் சீராக நிற்கும், வெளியே தையல் கோடும் தெரியாது.