கல்லீரல் மாற்றுப் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன் என்பவனை நம்பாதீர்கள்: 2,80,000 ரூபாய் போச்சு

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் இருப்பவர்கள் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள். கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சைக்கு எல்லா ஏற்பாடும் செய்து தருகிறோம் என்று போர்டு மாட்டி வைத்திருக்கும் ஓர் உதவி மையத்தில் 2,80,000 ரூபாயைக் கொடுத்துவிட்டு நிற்கிறோம். பணத்தை விடுங்கள், அவன் தின்ற நாட்களை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

அப்பச்சிக்கு, அதாவது எங்கள் அப்பாவுக்கு, கல்லீரலில் புற்றுநோய். மதுரையில் ஸ்கேன் எடுத்தபோது ஒரே கட்டி, 4.2 சென்டிமீட்டர், ரத்தக்குழாய்க்குள் போகவில்லை. "மாற்று சிகிச்சைக்கு ஏற்ற நிலைதான், தள்ளிப்போடாமல் சென்னைக்குப் போங்கள்" என்றார் டாக்டர். அந்த நேரம் பார்த்துத்தான் இந்த மையத்து ஆள் வீட்டுக்கு வந்தான்.

பட்டாசாலையில் உட்கார்ந்து ஃபைலைப் பக்கம் பக்கமாகப் புரட்டினான். "ஒரே கட்டின்னா அஞ்சு சென்டிமீட்டருக்குள்ள இருக்கணும் ஆச்சி. மூணு கட்டி வரைக்கும்னா ஒவ்வொண்ணும் மூணுக்குள்ள. மிலன் விதின்னு பேரு. ஐயாவுக்குச் சரியாப் பொருந்துது" என்றான். 1996-இல் இத்தாலியில் வகுத்த விதி அது, உண்மைதான். இவ்வளவு சரியாகப் பேசுகிறவனை யார் சந்தேகப்படுவார்கள்? தம்பி தன் கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுக்கத் தயாராக இருந்தான். "சின்னப் பிள்ளையை எதுக்கு அறுக்கணும்? அரசாங்கப் பட்டியல்ல மேல ஏத்திடலாம்" என்று ஆத்தாவைப் பார்த்துச் சொன்னான். இறந்தவர்கள் தானமாகத் தரும் கல்லீரலுக்குக் காத்திருப்பவர்களின் பட்டியல் அது. ஆத்தா உள்ளே போய் வைரத்தோட்டைக் கழற்றி எடுத்து வந்தார்கள். அடகு வைத்துக் கொடுத்த பணம் அது.

அப்புறம் ஆரம்பித்தது. "சார் மீட்டிங்ல இருக்காரு." "திங்கக்கிழமை கூப்பிடறேன்." "ஐயா பேரு பதினாலாவது இடத்துல இருக்கு." நாங்களே ஆஸ்பத்திரிக்குப் போகட்டுமா என்றால், "நேர்ல போனா பட்டியல்ல சிக்கலாயிடும்." அப்பச்சி பையைக் கட்டி வைத்துக்கொண்டு, போன் அடிக்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

பொறுக்க முடியாமல் பல்லவன் ரயிலில் ஏறிச் சென்னைக்குப் போனோம். அப்படி ஒரு பெயரே பதிவாகவில்லை என்றார்கள். புது ஸ்கேனில் கட்டி 6 சென்டிமீட்டரைத் தாண்டி, கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய்க்குள் நுழைந்திருக்கிறது. இந்த நிலையில் மாற்றினால் புதுக் கல்லீரலிலும் நோய் திரும்பும் ஆபத்து அதிகம், இப்போதைக்கு முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பணத்தைக் கேட்டால் ரசீதைக் காட்டுகிறான். அடியில் பொடி எழுத்தில் 'ஆலோசனைக் கட்டணம், திருப்பித் தரப்படாது.' 2,80,000 ரூபாய்க்கு என்ன ஆலோசனை சொன்னான்? அதோடு விட்டானா, "வெளியில ஒரு டோனர் இருக்காரு, எட்டு லட்சம் ஆகும்" என்கிறான். உறுப்பு வியாபாரம் 1994 சட்டப்படி குற்றம், தரகனுக்கும் சிறை உண்டு.

அவசரமாகச் சில விஷயங்கள். பட்டியலில் பெயரைப் பதிவு செய்வது அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவமனை மட்டும்தான். தமிழ்நாட்டில் அதற்கென்று அரசின் உறுப்பு மாற்று ஆணையம் இருக்கிறது, தரகனுக்கு அங்கே வேலையே இல்லை. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலேயே இந்த அறுவை சிகிச்சை நடக்கிறது, முதலமைச்சர் காப்பீட்டையும் கேட்டுப் பாருங்கள். ஃபைலை யாரிடமும் கொடுத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள்.

போலீசில் புகார் கொடுத்திருக்கிறோம். அதே மையத்தில் பணம் கட்டியவர்கள் ரசீதையும் வாட்ஸ்அப் பேச்சையும் அழிக்காமல் எடுத்துக்கொண்டு நீங்களும் போய்ப் புகார் கொடுங்கள். கட்டியைச் சுருக்க மருந்து தொடங்குகிறார்கள், அப்பச்சியைக் கூட்டிக்கொண்டு நாளைக்கு மறுபடி கிளம்புகிறோம்.