காட்பாடி தீசிஸ் பைண்டிங் கடை: அக்காவுக்கு அஞ்சு ஸ்டார், அண்ணனுக்கு ரெண்டரை

கடை பேரு போடல. நல்லதும் சொல்லப்போறேன், வயித்தெரிச்சலும் கொட்டப்போறேன், அதனால வேணாம். காட்பாடி பக்கம் பிஹெச்டி பண்ணவங்களுக்கு எதுன்னு தெரிஞ்சிடும், மாடிப்படிக்கு கீழ ரெண்டு ஜெராக்ஸ் மெஷின், உள்ள ஒரு கம்ப்யூட்டர், மேல சுவர் முழுக்க கறுப்பு ரெக்சின் அட்டை போட்ட தீசிஸா அடுக்கி வச்சிருப்பாங்களே, அதுதான்.

நான் காலேஜ்ல பிசிக்ஸ் எடுக்கிறேன். ஆராய்ச்சி பிசிக்ஸ்ல இல்ல, பிசிக்ஸை எப்படி சொல்லிக்குடுக்கிறதுங்கிறதுல. சொந்தக்காரங்க கிட்ட இத சொன்னா "அதுக்கு எதுக்குப்பா ஆராய்ச்சி, நடத்த வேண்டியதுதானே"ம்பாங்க. மே மாசம், வேலூர் வெயில், ஏசி கிடையாது, ஒரே ஒரு ஃபேன் அதுவும் பேப்பர் பறக்கும்னு கடைக்கார அண்ணன் அப்பப்ப நிறுத்திடுவாரு, அப்படி என் தீசிஸ பிரிண்ட், பைண்டிங்குக்கு குடுத்துட்டு நாலு நாள் கடை ஸ்டூல்ல உக்காந்திருந்தேன். சொன்ன டைம் "சாயங்காலம் வாங்க சார்", கைக்கு வந்தது நாலாவது நாள் ராத்திரி. அதுக்கே அண்ணனுக்கு ஒரு ஸ்டார் கட்.

ஆனா உக்காந்திருந்தது வேஸ்ட் ஆகல. டைப்பிங் அக்கா ஒருத்தங்க இருக்காங்க, பத்தாவதோட நின்னவங்களாம், இருபது வருஷமா ஊர்ல இருக்கிற எல்லா சப்ஜெக்ட் தீசிஸும் அவங்க கை வழியா போயிருக்கு. எனக்கு முன்னாடி ஒரு ஜெனடிக்ஸ் பொண்ணு வந்துச்சு. வேலூர்ல ஜெனடிக்ஸ்னா சும்மா இல்லீங்க, ஹீமோஃபீலியா ஏன்னு ரத்தம் சரியா உறையாத நோய் வந்தவங்களுக்கு அவங்க சொந்த ஸ்டெம் செல்லையே எடுத்து அதுல ரத்தம் உறைய வேண்டிய ஃபேக்டர் 8 ஜீனை ஏத்தி திருப்பி உடம்புல விட்ட ட்ரயல் நம்ம சிஎம்சி ஆஸ்பத்திரில தான் நடந்துச்சு, அஞ்சு பேருக்கு, 2024 டிசம்பர்ல பெரிய மெடிக்கல் ஜர்னல்ல வந்துச்சு. அந்தப் பொண்ணு வேலை அது இல்ல, ஏதோ ரத்த செல்லுல எந்தெந்த ஜீன் கூடுது குறையுதுன்னு பெரிய பெரிய டேபிள், எல்லாம் எக்செல்ல. அக்கா பிரிண்ட் குடுக்கிறதுக்கு முன்னாடி ஸ்க்ரோல் பண்ணிகினே வந்தவங்க நிறுத்திட்டாங்க.

"இன்னாம்மா இது, மத்ததெல்லாம் இங்கிலீஷ் எழுத்தா கீது, இங்க மட்டும் தேதி வந்துகீது? ரெண்டு செப்டம்பர்ன்னு போட்டுகீதே."

பொண்ணு எட்டிப் பாத்துட்டு தலைல கை வச்சிட்டு உக்காந்திடுச்சு. செப்ட்2ன்னு ஒரு ஜீன், எக்செல் அதை செப்டம்பர் 2ன்னு நெனச்சு தேதியா மாத்திடும், மார்ச்1ன்னு இன்னொண்ணு, அதுவும் அதே கதி. இது உலகம் பூரா இருந்த தலைவலி, 2016ல தேடிப்பாத்தப்போ எக்செல்ல ஜீன் லிஸ்ட் குடுத்த பேப்பர்ல அஞ்சுல ஒண்ணுல இந்தத் தப்பு இருந்துச்சு, 2020ல ஜீனுக்கு பேர் வைக்கிற கமிட்டியே எக்செல் கிட்ட தோத்துப்போய் பேரை மாத்திட்டாங்க, செப்ட்2 இப்போ செப்டின்2. பொண்ணு பழைய டேட்டாவ எடுத்து போட்டிருக்கு. கைடு பாத்தாச்சு, கமிட்டி பாத்தாச்சு, யார் கண்லயும் படல.

அடுத்து தமிழ்த் துறை ஆள் ஒருத்தர், ஐம்பது வயசு இருக்கும், பழைய பத்திரிகைல பேர் போடாம வந்த கட்டுரைய எழுதுனது யாருன்னு கண்டுபிடிக்கிற ஆராய்ச்சி. எனக்கு ஆர்வமாயிடுச்சு, டீ வாங்கிக்குடுத்து கேட்டேன். பெரிய வார்த்தைய பாக்கக் கூடாதாம், அதை யார் வேணா காப்பி அடிக்கலாம், ஆள் தன்னை அறியாம போடுற சின்னச் சின்னதுதான் காட்டிக்குடுக்குமாம். அமெரிக்கால எழுதுனவர் பேர் போடாம வந்த ஃபெடரலிஸ்ட் கட்டுரைகள்ல 12 கட்டுரை, ஹாமில்டன், மேடிசன்னு ரெண்டு அரசியல் தலைவர்கள்ல யார் எழுதுனதுன்னு நூறு வருஷத்துக்கு மேல சண்டை, 1964ல மாஸ்டெல்லர், வாலஸ்ன்னு ரெண்டு பேர் 'அப்பான்' (upon) மாதிரி உப்புசப்பில்லாத இங்கிலீஷ் வார்த்தைய எண்ணியே மேடிசன்தான்னு காட்டிட்டாங்க. நம்ம ஆள் தமிழ்ல 'தான்', 'கூட', 'உம்' எல்லாம் எண்ணுறாரு.

அவருக்கு வந்த சிக்கல் பாமினிங்கிற பழைய தமிழ் ஃபான்ட். வருஷக்கணக்கா பாமினில அடிச்சு வச்சத யாரோ யூனிகோடா மாத்தி குடுத்திருக்காங்க, கண்ணுக்கு எல்லாம் சரியா தெரியுது, எண்ணுற சாஃப்ட்வேர் மட்டும் ஒரே வார்த்தைய ரெண்டா காட்டுது. அக்கா 'கொ'வுக்கு பின்னாடி கர்சர வச்சு பேக்ஸ்பேஸ் ஒரு தட்டு தட்டினாங்க, துணைக்கால் மட்டும் போச்சு, 'கெ' நின்னுச்சு. "பாத்தீங்களாண்ணா, கொம்பு தனியா கால் தனியா உக்காந்துகீது, சேத்து அடிச்சதுன்னா ஒரே தட்டுல ரெண்டும் போவும்." ஔவைல வர்ற 'ஔ'வும் அப்படித்தான், பாதி இடத்துல 'ஒ' போட்டு பக்கத்துல 'ள'. எல்லாத்தையும் ரீப்ளேஸ் பண்ணிக்குடுத்தாங்க, அதுக்கு எக்ஸ்ட்ரா நூறு ரூபா. நூறுதாங்க.

காப்பி பர்சன்ட், அதாவது தீசிஸ் எத்தனை சதவீதம் அடுத்தவங்க எழுதுனதோட ஒத்துப்போகுதுன்னு சாஃப்ட்வேர் காட்டுற கணக்கு, அதை குறைக்கிற விஷயம் கண்டிப்பா சொல்லணும், நெறய பேர் அதுக்குன்னே கடை தேடுறீங்க. 2018 யுஜிசி ரூல்படி 10 சதவீதம் வரைக்கும் ஒத்துப்போனா பிரச்சனை இல்ல, 10ல இருந்து 40னா திருத்தி ஆறு மாசத்துக்குள்ள திரும்பக் குடுக்கணும். எனக்கு முதல்ல 17 வந்துச்சு. பயந்துபோய் வேற ஒரு கடைல (இதுவும் பேர் வேணாம்) ரெண்டாயிரம் குடுத்து 'குறைக்க' சொன்னேன், ஆறுன்னு ஆக்கி குடுத்தாங்க, சந்தோஷமா படிச்சா 'நார்மல் ஃபோர்ஸ்' எல்லாம் 'ஆர்டினரி ஃபோர்ஸ்' ஆயிருக்கு, 'ஒர்க் டன்' வந்த இடமெல்லாம் 'லேபர் கம்ப்ளீட்டட்'. செங்குத்தா தள்ளுற விசை சாதாரண விசை ஆயிடுச்சு! இந்த மாதிரி ஆர்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ 'கவுண்டர்ஃபீட் கான்ஷியஸ்னஸ்'னு மாத்துன பேப்பரெல்லாம் ஜர்னல்லயே வந்து மாட்டியிருக்கு. இந்தக் கடை அக்கா கிட்ட கேட்டா ஒரே வார்த்தை, "அந்த வேல நாங்க செய்றதில்ல தம்பி." அப்புறம் அவங்களே ரிப்போர்ட்ட பாத்துட்டு, மேற்கோளும் பின்னாடி இருக்கிற நூல் பட்டியலும் கழிக்காம ஓட்டியிருக்காங்கன்னு காட்டினாங்க. அதெல்லாம் கணக்குல சேரக் கூடாதுன்னு ரூல்லயே இருக்கு. லைப்ரரில போய் திரும்ப ஓட்டுனா 8. ரெண்டாயிரம் போனது போனதுதான்.

இப்போ வயித்தெரிச்சல். அட்டை மேல தங்க எழுத்து வெளிய குடுத்து அடிக்கிறாங்க, அஞ்சு காப்பியிலயும் 'இயற்பியல் கற்பித்தல்'ல ரெண்டாவது 'ற்' காணோம், 'கபித்தல்'. அண்ணன் கிட்ட காட்டுனா "தூரத்துல இருந்து பாத்தா தெரியாது சார்"ங்கிறாரு. திரும்ப அடிச்சு குடுத்தாரு, காசு வாங்கல, ஆனா ஒரு நாள் போச்சு.

அதைவிட பெருசு ரஃப் பேப்பர். என் ஆராய்ச்சியே ஃபோர்ஸ் கான்செப்ட் இன்வென்டரின்னு ஒரு டெஸ்ட்ட வச்சு, 1992ல வந்தது, இப்போ இருக்கிறதுல 30 கேள்வி, கணக்கு போடவே வேணாம், நியூட்டன் விதி நெஜமா மண்டைல ஏறிச்சான்னு மட்டும் பாக்கும். அதை வச்சு 1998ல ஹேக்னு ஒரு பேராசிரியர் 6542 பசங்க டேட்டாவ சேத்து பாத்தாரு, வாத்தியார் மட்டும் பேசுற கிளாஸ்ல சராசரி முன்னேற்றம் (பாடத்துக்கு முன்னாடி விட்ட மார்க்ல எவ்வளவு பங்கை அப்புறம் புடிச்சாங்கன்னு) 0.23, பசங்கள பேசவிட்டு செய்யவிட்டு நடத்துன கிளாஸ்ல 0.48. கேள்வித்தாள் வெளிய போகக் கூடாது, போனா பசங்க மனப்பாடம் பண்ணிடுவாங்க, டெஸ்ட்டே செத்துடும். நான் தெரியாம பின்னிணைப்புல தமிழாக்கத்த முழுசா போட்டுட்டேன், கைடு எடுக்க சொன்னாரு, அந்தப் பக்கம் மட்டும் திரும்ப அடிச்சோம். பழசு எங்கன்னு கேக்கணும்னு எனக்கு தோணல.

மறுநாள் பக்கத்து கடைல போண்டா வாங்குனேன். எண்ணெய்ல ஊறி என்னோட 13வது கேள்வி, மேல எறிஞ்ச குண்டு மேல என்னென்ன விசை இருக்குங்கிறது. ஜெனடிக்ஸ் பொண்ணு டேபிளும் எங்கயாச்சும் பஜ்ஜி சுத்தியிருக்கும். அதனால ரஃப் பேப்பரை எண்ணி வாங்கிட்டு வந்துடுங்க, அண்ணனா குடுக்க மாட்டாரு.

போண்டா மாஸ்டர் வேற அந்தப் பேப்பர ஏற்கனவே படிச்சிருக்காரு. "கையி தள்ளுன தள்ளு மேல போறவரைக்கும் கூடவே இருக்கும் சார், தீந்தா கீழ வரும், கரெக்டா?" என் கிளாஸ்ல முக்கால்வாசிப்பேர் டிக் பண்ணுன அதே தப்பு. ஒரு போண்டாவ மேல தூக்கிப் போட்டு புடிச்சு, கைய விட்டப்புறம் இதை யாருண்ணா தள்ளுறாங்கன்னு கேட்டேன். அவரு கரண்டிய வச்சிட்டு யோசிக்க ஆரம்பிச்சாரு, பின்னாடி நின்னவர் பஜ்ஜி கருகுதுன்னு கத்துனாரு.