வெர்னா: டர்போவா, சாதா 1.5-ஆ? சென்னை ஓட்டத்துக்கு ஒரு கணக்கு

ஒரே கார், ஏறக்குறைய ஒரே அளவு என்ஜின், இரண்டிலும் நாலு சிலிண்டர். ஒன்றில் டர்போ, அதாவது புகையின் வேகத்தில் சுழன்று காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளும் விசிறி உண்டு, இன்னொன்றில் இல்லை. ஹூண்டாய் வெர்னா 2023 மார்ச்சில் புது உருவத்தில் வந்ததிலிருந்து, செடான்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கும் சென்னைவாசிகள் கடைசியில் வந்து முட்டி நிற்கும் இடம் இது. இரண்டுமே நம்ம இருங்காட்டுக்கோட்டையிலிருந்துதான் வருகின்றன. நான் எடுத்தது டர்போ, ஆறு கியர் மேனுவல். ஆகவே இது நடுநிலையான அலசல் என்று பாவனை செய்யப் போவதில்லை.

நம்பர்களை முதலில் முடித்துவிடலாம். சாதா என்ஜின் 1497 சிசி, 115 பி.எஸ். பவர், 143.8 நியூட்டன் மீட்டர் டார்க் (சக்கரத்தைத் திருப்பும் இழுவிசை). டர்போ 1482 சிசி, 160 பி.எஸ்., 253 நியூட்டன் மீட்டர். ஷோரூமில் பவரைப் பற்றித்தான் பேசுவார்கள். ஊருக்குள் ஓட்டுபவனுக்குத் தேவை அந்த டார்க் எந்த ஆர்.பி.எம்.மில் (நிமிடத்துக்கு என்ஜின் சுற்றும் சுற்றில்) கிடைக்கிறது என்கிற தகவல். டர்போவில் 1500-லேயே முழுசாக வந்து 3500 வரை நிற்கும். சாதாவில் 4500-க்குப் போனால்தான் அந்த 143.8. ஏசி ஓட, அஞ்சு பேர் உட்கார்ந்து, கத்திப்பாரா பாலத்தின் ஏற்றத்தில் பஸ்ஸுக்குப் பின்னால் ஊர்ந்து திரும்ப வேகம் எடுக்கும்போது வித்தியாசம் காலுக்கே தெரியும். சாதாவில் ஒரு கியர் இறக்கி, என்ஜினைக் கத்தவிட்டுத்தான் ஏற வேண்டும். டர்போவில் காலை லேசாக வைத்தால் போதும்.

மைலேஜ் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வண்டிகளைச் சோதித்துச் சான்று தரும் ஏ.ஆர்.ஏ.ஐ.யின் கணக்கில் டர்போ மேனுவல் லிட்டருக்கு 20 கி.மீ., சாதா மேனுவல் 18.6. காகிதத்தில் டர்போதான் ஜெயிக்கிறது. அண்ணா சாலையில் இரண்டுமே அந்த எண்ணின் பக்கம்கூட வராது, இப்போது பங்கில் கிடைக்கும் இ20 (இருபது சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோலில் ஆற்றல் ஆறேழு சதவீதம் குறைவு வேறு. டர்போக்காரனுக்கு வலது கால் கொஞ்சம் கனம், அதனால் கூடுதலாகத்தான் குடிக்கும். என் வண்டியும் விதிவிலக்கு இல்லை.

வெயில் இரண்டையுமே பாதிக்கிறது, விதம்தான் வேறு. காற்று சூடானால் அடர்த்தி குறையும். அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரி அடிக்கும்போது, 15 டிகிரி காற்றோடு ஒப்பிட்டால் எட்டு சதவீதம் குறைவான காற்றுதான் சாதா என்ஜினுக்குள் போகிறது. டர்போ அந்தக் குறையை அழுத்தத்தால் ஈடுகட்டிவிடும். ஆனால் அழுத்தும்போதே காற்று இன்னும் சூடாகும், அதைத் தணிக்க முன்பக்கம் ரேடியேட்டர் மாதிரி ஒரு இன்டர்கூலர் இருக்கிறது, அதன் மேல் காற்று ஓடினால்தான் வேலை செய்யும். மத்திய கைலாஷ் சிக்னலில் மே மாதம் மதியம் மூன்று நிமிடம் நின்றால் இன்டர்கூலரும் சேர்ந்து வெந்துவிடும். கிளம்பும்போது என்ஜின் தட்டாமல் (சூட்டில் பெட்ரோல் கண்டபடி வெடிக்காமல்) இருக்க ஈ.சி.யூ., அதாவது என்ஜினின் கம்ப்யூட்டர், பிளக் பொறி போடும் நேரத்தைத் தாமதப்படுத்தும், வண்டி சில நொடிகளுக்கு மந்தமாக இருக்கும். இதைப் பழுது என்று நினைத்து சர்வீஸுக்கு ஓடுபவர்கள் உண்டு. நூறு மீட்டர் ஓடினால் சரியாகிவிடும். கொடைக்கானல், ஏற்காடு பக்கம் அடிக்கடி போகிறவர்களுக்கு டர்போ தனி சுகம். உயரத்தில் காற்று மெலிவதை அது பெரிதாகக் கண்டுகொள்ளாது.

இவ்வளவும் சில்லறை. முடிவைத் தீர்மானிப்பது ஆயில்.

டர்போவின் ஷாஃப்ட் நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்று வரை சுழலும். அதன் ஒரு பக்கம் 900 டிகிரியை நெருங்கும் புகை, இன்னொரு பக்கம் வெளிக்காற்று. நடுவில் ஷாஃப்டைத் தாங்குவது ஒரு மெல்லிய ஆயில் படலம், அவ்வளவுதான். சாதா என்ஜினில் கிராங்க், கேம் ஆகியவற்றுக்கு வழவழப்புக் கொடுப்பதோடு ஆயிலின் பெரிய வேலை முடிந்தது. டர்போவில் அதே ஆயில் இந்தச் சூட்டையும் சுமக்க வேண்டும். நேரடி இன்ஜெக்ஷன் (பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள்ளேயே தெளிப்பது) என்பதால் சிலிண்டர் சுவரில் படும் பெட்ரோலையும், கரித்தூளையும் விழுங்க வேண்டும்.

ஈக்காட்டுத்தாங்கலில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர், வேறொரு கம்பெனி வண்டியிலிருந்து கழற்றிய டர்போவை மேஜையில் வைத்திருந்தார். அதற்கு ஆயில் கொண்டுவரும் குழாய் பென்சில் பருமன்தான். அதன் வாயில் பளபளவென்று கறுப்புப் பொருக்கு. ஸ்க்ரூடிரைவர் முனையால் சுரண்டினார், கண்ணாடிச் சில்லு மாதிரி உதிர்ந்தது. ஷாஃப்டை இரண்டு விரலால் பிடித்து மேலும் கீழும் ஆட்டினார். ஆடவே கூடாத அளவுக்கு ஆடியது, விசிறி இதழ்களின் நுனி உள்சுவரில் உரசித் தேய்ந்திருந்தது. "எல்லாரும் டர்போ போச்சுன்னு வர்றாங்க சார். ஆயில் அதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே போயிருக்கும்" என்றார்.

அந்த ஆயிலை எப்போது மாற்றுவது? கம்பெனி சொல்வது 10,000 கி.மீ. அல்லது ஒரு வருடம். ஓ.எம்.ஆரில் தினம் ஆபீஸ் போய்வரும் வண்டிக்குச் சராசரி வேகம் 20 கி.மீ. என்று வையுங்கள். 10,000 கி.மீ. ஓடி முடிக்க என்ஜின் 500 மணி நேரம் சுழன்றிருக்கும். திருச்சி ரோட்டில் 80-ல் போகும் வண்டிக்கு அதே தூரம் 125 மணி நேரம். ஓடோமீட்டரில் இரண்டும் ஒரே எண்ணைத்தான் காட்டும், ஆயிலின் வயது மட்டும் நாலு மடங்கு. ஹூண்டாயின் ஓனர் மேனுவலைப் புரட்டினால் 'கடுமையான பயன்பாடு' என்று ஒரு பட்டியல் இருக்கும். அதில் 32 டிகிரிக்கு மேல் வெப்பத்தில் நெரிசலான போக்குவரத்தில் ஓட்டுவதும் ஒன்று. சென்னையில் வருடத்தில் பாதி நாளுக்கு மேல் அது சாதாரண நாள். சர்வீஸ் அட்வைசர்கள் இந்தப் பக்கத்தை யாருக்கும் காட்டி நான் பார்த்ததில்லை.

ஆகவே நான் 5,000 கி.மீ. அல்லது ஆறு மாதம், எது முன்னால் வருகிறதோ அதில் மாற்றிவிடுகிறேன். ஃபுல் சிந்தெடிக், மேனுவலில் சொன்ன கிரேடு, டப்பாவில் ஏ.பி.ஐ. எஸ்.பி. என்ற தர முத்திரை. 2020-ல் வந்த இந்தத் தரம் சும்மா விளம்பரம் இல்லை. சின்ன டர்போ என்ஜின்களில் குறைந்த ஆர்.பி.எம்.மில் பெரிய சுமை கொடுத்தால், பிளக் பொறி போடுவதற்கு முன்பே எரிபொருள் தானாகப் பற்றிக்கொள்ளும் நோய் உண்டு. ஒரே அடியில் பிஸ்டனையே உடைக்கக்கூடியது. அதைக் குறைக்கும் சோதனையில் தேறிய ஆயிலுக்குத்தான் எஸ்.பி. ஆயில் பாதி மருந்து, மீதி ஓட்டும் விதம். ஆறாவது கியரில் 1300 ஆர்.பி.எம்.மில் ஊர்ந்துகொண்டே ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு அழுத்தக் கூடாது, ஒரு கியர் இறக்கிவிட்டு அழுத்த வேண்டும். டார்க் இருக்கிறதே என்று சோம்பல்படும் மேனுவல்காரர்கள்தான் இதில் மாட்டுவது.

செலவு? ஆயிலும் ஃபில்டரும் சேர்த்து ஒரு தடவைக்கு 3,000 முதல் 4,500 ரூபாய் கொடுக்கிறேன். வருடத்துக்கு ஒரு தடவை கூடுதலாக மாற்றுகிறேன், அவ்வளவுதான். டர்போ அசெம்பிளி ஒன்றின் விலையைக் கேட்டுப் பார்த்தவர்கள் இந்தத் தொகைக்கு முணுமுணுக்க மாட்டார்கள்.

நெடுஞ்சாலையில் இன்னொரு பழக்கம் வேண்டும். மதுராந்தகம் தாண்டி டிபன் சாப்பிட நிறுத்தும்போது, நூறில் வந்து உடனே என்ஜினை அணைக்காமல் ஒரு நிமிடம் ஐடிலில் விட வேண்டும். ஓட்டம் நின்ற ஆயில் கொதிக்கும் டர்போவுக்குள்ளேயே வெந்து கரியாவது அப்படி அணைக்கும்போதுதான். ஊருக்குள் மெதுவாக வந்து வீட்டு வாசலில் நிறுத்துகிறவர் இதைச் செய்வது வெட்டி. பெட்ரோல்தான் வீண்.

மற்ற கோளாறுகளைப் பொறுத்தவரை, டர்போ பெட்ரோல் நாலு சிலிண்டர் எதுவானாலும் கதை ஏறக்குறைய ஒன்றுதான். வேகம் எடுக்கும்போது 'உஸ்' என்று சத்தம், இழுவை குறைவு, ஸ்கேனரில் பி0299 (டர்போ அழுத்தம் குறைவு) என்று பிழைக் குறியீடு காட்டினால், டர்போவைக் கழற்றுவதற்கு முன் இன்டர்கூலர் ஹோஸ்களின் கிளாம்ப்களைப் பாருங்கள். எங்காவது தளர்ந்து காற்றுக் கசியும். மூன்றாவது கியரில் அழுத்தும்போது மட்டும் குலுங்கினால் பிளக் அல்லது இக்னிஷன் காயில். அழுத்தம் அதிகமான சிலிண்டரில் பொறி தாவுவது கடினம், அதனால் பிளக் இங்கே சீக்கிரம் தேயும். டிப்ஸ்டிக்கில் (ஆயில் அளக்கும் குச்சியில்) மட்டம் ஏறி, பெட்ரோல் வாடை அடித்தால் குட்டிக் குட்டி ஓட்டங்கள்தான் காரணம். சென்னை வெயிலில் என்ஜின் சீக்கிரம் சூடாவதால் குளிர்நாடுகள் அளவுக்கு இங்கே இந்தத் தொல்லை இல்லை. ஸ்டார்ட் செய்யும்போது நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது என்று அர்த்தம், அதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

இன்டேக் வால்வில் கரி படிவது இன்னொன்று. சாதா என்ஜினில் பெட்ரோல் வால்வின் பின்பக்கத்திலேயே தெளிக்கப்படுவதால் அது தினம் கழுவப்படுகிறது. நேரடி இன்ஜெக்ஷனில் பெட்ரோல் வால்வைத் தொடுவதே இல்லை. வருடக்கணக்கில் படிந்த கரியை வால்நட் ஓட்டுத் தூளை அடித்துத்தான் எடுக்கிறார்கள். என் வண்டி இன்னும் அந்த வயதை எட்டவில்லை. ஒரு லட்சம் கி.மீ. தாண்டிய பிறகு எப்படி இருக்கும் என்று என் அனுபவத்தை வைத்துச் சத்தியம் செய்ய முடியாது.

டர்போவோடு டி.சி.டி. ஆட்டோமேட்டிக் வேண்டுமா? நான் தவிர்த்தேன். அது ஏழு கியர், இரட்டைக் கிளட்ச், அதுவும் ஆயிலில் மூழ்காத உலர் கிளட்ச். மெட்ரோ வேலை நடக்கும் சாலையில் அரை மணி நேரம் அங்குலம் அங்குலமாக நகரும்போது கிளட்ச் பாதி பிடித்து பாதி விட்டபடி சூடாகிக்கொண்டே இருக்கும். பிரேக்கை முழுதாக மிதித்து நின்று, முன்னால் நாலைந்து கார் நீளம் இடம் விட்ட பிறகு நகர்ந்தால் தாங்கும். அந்த இடைவெளியில் மூன்று பைக்கும் ஒரு ஆட்டோவும் புகுந்துவிடும் என்பது வேறு விஷயம்.

சாதா என்ஜினுக்கு இங்கேதான் பலம். அதோடு வரும் ஐ.வி.டி., அதாவது படிப்படியாகக் கியர் மாற்றாத ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், நெரிசலில் பட்டு மாதிரி. எந்தத் தெரு மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு வேலை பார்ப்பார். மாதம் ஐந்நூறு அறுநூறு கி.மீ., அதுவும் ஊருக்குள்ளேயே என்றால், பத்து வருடம் வைத்திருக்கப் போகிறேன் என்றால், ஆயில் தேதியெல்லாம் நினைவு வைக்க என்னால் ஆகாது என்றால், இதுதான் உங்கள் வண்டி. அழுத்தினால் சத்தம் மட்டும் முன்னால் போகும், வண்டி பின்னால் வரும். அதற்குப் பழகிக்கொள்ள வேண்டும்.

செகண்ட் ஹேண்ட் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய ஸ்கோடா லாரா, சூப்பர்ப் 1.8 டி.எஸ்.ஐ. இன்றைக்குச் சல்லிசான விலையில் கண்ணைச் சிமிட்டும். ஓட்டினால் மயங்கிவிடுவீர்கள். அவற்றில் இருக்கும் இ.ஏ.888 என்ற டர்போ என்ஜின் குடும்பத்தின் ஆரம்பத் தலைமுறைகளில் டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் பழுதாவதும், பிஸ்டன் ரிங் வழியாக ஆயில் குடிப்பதும் உலகம் அறிந்த பிரச்சினைகள். எந்த டர்போ வண்டியானாலும் காலையில், என்ஜின் குளிர்ந்திருக்கும்போது போய் ஸ்டார்ட் செய்து பாருங்கள். சர்வீஸ் புத்தகத்தின் முத்திரையை நம்பாமல் ஆயில் பில்களைக் கேட்டு வாங்கி, தேதிகளுக்கு நடுவில் எத்தனை மாதம் என்று எண்ணுங்கள்.

போன மாதம் என் மச்சான் இதையே கேட்டார். வீடு மேடவாக்கம், ஆபீஸ் சிறுசேரி, வெளியூர் என்றால் வருடத்துக்கு ஒரு திருப்பதி. நான் கொஞ்சமும் யோசிக்காமல் சாதா 1.5, ஐ.வி.டி. என்றேன். தலையாட்டிவிட்டு டெஸ்ட் டிரைவ் போனவர், டர்போ டி.சி.டி.க்கு அட்வான்ஸ் கட்டிவிட்டு வந்து, "மாமா, அந்த இழுவை இருக்கே..." என்று இழுத்தார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆயில் பில்லைப் படம் எடுத்து எனக்கு வாட்ஸப்பில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.