பெருநிறுவன நன்கொடையா, நம் சந்தாவா?

யாரும் பயன்படுத்தவும் திருத்தவும் பகிரவும் கூடிய கட்டற்ற மென்பொருளைக் காக்கும் அறநிறுவனங்களுக்குப் பணம் இரு வழிகளில் வருகிறது: பெருநிறுவன நன்கொடை, தனிமனிதர் சந்தா. பினாங்கு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் நம்மவர்களுக்கு முதல் வழியின் பலம் தெரியும். ஒரே காசோலையில் பல நிரலாளர்களின் ஆண்டுச் சம்பளம் வந்துவிடும். கட்டற்ற மென்பொருளான லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கருநிரலை எழுதுவோரில் பெரும்பாலோர் நிறுவனச் சம்பளக்காரர்களே.

இத்தகைய மென்பொருளின் உரிம விதிகளை நிலைநாட்ட வழக்காடும்போது நிலைமை தலைகீழாகிறது. 2021இல் சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி என்னும் அமெரிக்க அறநிறுவனம், விசியோ தொலைக்காட்சி நிறுவனத்தின் மீது கலிபோர்னியாவில் வழக்குத் தொடுத்தது. கேட்டது இழப்பீடு அல்ல. ஜிபிஎல் என்னும் கட்டற்ற மென்பொருள் உரிமப்படி, தொலைக்காட்சிப் பெட்டியை வாங்கியவருக்குச் சேரவேண்டிய மூலநிரல், அதாவது பெட்டியிலுள்ள மென்பொருளின் நிரலாளர் எழுதிய வடிவம். நாளை தன்மீதும் இப்படி வழக்கு வரலாம் என்று அஞ்சும் நிறுவனம் இதற்குக் காசு கொடுக்குமா? வழக்கோ ஆண்டுக்கணக்கில் இழுக்கும். அப்போது கைகொடுப்பது தவறாமல் வரும் சிறுதொகைதான்.

அமெரிக்க அமைப்புக்குக் கொடுப்பதற்குப் பொதுவாக மலேசியாவில் வரிவிலக்கு கிடைக்காது. ரிங்கிட்டை டாலராக மாற்றும் கட்டணமும் உண்டு. அப்படியிருந்தும் என் தேர்வு சந்தாவே. மாதந்தோறும் தனித்தனியே அனுப்பாமல், ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாக அனுப்பினால் கட்டணம் மிச்சமாகும்.