கப்பல் நன்று, கடைசி பில் மட்டும் இடித்தது

சிங்கப்பூர் மரினா பேயிலிருந்து பினாங்கு, புக்கெட் போய்வரும் நான்கு இரவுக் கப்பல். அறையிலும் சாப்பாட்டிலும் குறையில்லை. கடைசி இரவு வந்த பில்லில் எங்கள் நான்கு பேருக்கும் டிப்ஸ் மட்டும் 288 டாலர்! ஆளுக்கு நாளொன்றுக்கு 18. ஆறு வயது மகனுக்கும் அதே கணக்கு. ஜூஸுக்கு வேறு 18 சதவீதம் தனி.

வரவேற்பு மேசையில் கேட்டால் நீக்கிவிடுவார்கள். எனக்கு முன்னால் நின்றவர் நீக்கிக்கொண்டார். நானும் கேட்கத்தான் போனேன். அப்புறம், தினமும் துண்டை யானையாக மடித்து வைத்து மகனைச் சிரிக்கவைத்த அறைப் பணியாளர் நினைவுக்கு வந்தார். திரும்பிவிட்டேன். சமையற்கட்டில் தட்டு கழுவுகிறவருக்கும் இதில் பங்கு உண்டாம். சரி, அதை டிக்கெட்டிலேயே சேர்த்தால் என்ன? விளம்பரத்தில் விலை கூடித் தெரியும், அவ்வளவுதானே! ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். அந்த யானைக்காரருக்குத் தனியாக 20 டாலர் கையில் கொடுத்தேன்.