நிலநடுக்கங்களை ஃபிராக்டல் கணக்கில் பார்க்க: யுஎஸ்ஜிஎஸ் பட்டியல் எப்படி?

நிலநடுக்கங்கள் காலப்போக்கில் எப்படிக் கொத்துக் கொத்தாக வருகின்றன என்று ஃபிராக்டல் முறையில் (சிறிதாக்கிப் பார்த்தாலும் பெரிதாக்கிப் பார்த்தாலும் ஒரே மாதிரி தெரியும் அமைப்புகளை அளக்கும் முறையில்) ஆராய விரும்பும் முதுகலை இயற்பியல் மாணவர்களை நான் முதலில் அனுப்புவது, அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனமான யுஎஸ்ஜிஎஸ்ஸின் நிலநடுக்கத் தேடுபக்கத்துக்குத்தான். காசு கிடையாது, கணக்குத் தொடங்கவும் வேண்டாம். அளவு, தேதி, வரைபடத்தில் ஒரு செவ்வகம் கொடுத்தால் எக்செல் போன்றவற்றில் திறக்கக்கூடிய சிஎஸ்வி அட்டவணைக் கோப்பு இறங்கிவிடும். ஒரே தேடலில் 20,000 நிகழ்வுகளுக்கு மேல் தராது. ஆண்டுவாரியாகப் பிரித்து எடுத்துச் சேர்த்துக்கொண்டால் போதும்.

சுமத்ரா-அந்தமான் பகுதியை 4.5 அளவுக்கு மேல் எடுத்துப் பாருங்கள். 2004 டிசம்பர் 26-இல் 9.1, 2005 மார்ச் 28-இல் 8.6, 2007 செப்டம்பர் 12-இல் 8.4, 2012 ஏப்ரல் 11-இல் மீண்டும் 8.6. ஒவ்வொன்றின் பின்னாலும் பின்னதிர்வுகள் வரிசை கட்டி நிற்கும். நேரமெல்லாம் யுடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில், இருக்கும். 2004 வரியில் 00:58:53 என்று பார்த்தால் நம் நேரம் காலை 6:28. நாகப்பட்டினத்துக்காரனான எனக்கு அந்த வரியைச் சும்மா கடந்துபோக முடிவதில்லை.

கணக்கு எளிது. மொத்தக் காலத்தை ஒரு மணி நேரம், இரண்டு மணி, நான்கு மணி என்று பெட்டிகளாக வெட்ட வேண்டும். ஒவ்வொரு முறையும், ஒரு நிலநடுக்கமாவது விழுந்த பெட்டிகள் எத்தனை என்று எண்ணி, மடக்கை வரைபடத்தில் குறித்தால், நேர்கோடாக வரும் பகுதியின் சாய்வுதான் (குறியை விட்டுவிட்டு) ஃபிராக்டல் பரிமாணம். நிகழ்வுகள் காலம் முழுக்கச் சீராகப் பரவியிருந்தால் 1, ஒரே நேரத்தில் குவிந்திருந்தால் 0. உண்மைப் பட்டியல் நடுவில் எங்கோ நிற்கும். அப்புறம், அதே எண்ணிக்கையில் தற்செயலான நேரங்களை உருவாக்கி அதற்கும் இதே கணக்கைப் போட்டே ஆக வேண்டும். அதைச் செய்யாமல் வரும் எண்ணை நான் ஏற்பதில்லை.

பட்டியலை அப்படியே விழுங்கிவிடக் கூடாது. ஆழம் என்ற பத்தியை மட்டும் திறந்து மேலிருந்து கீழே கிலோமீட்டர் கணக்கைப் பாருங்கள்: 10, 10, 10... பழைய ஆண்டுகளுக்குப் போனால் 33, 33. நிலநடுக்கங்கள் சொல்லிவைத்தாற்போல அந்த ஆழத்தில் நடக்கவில்லை. ஆழத்தைச் சரியாகக் கணிக்க முடியாதபோது நிலையாக வைக்கும் எண்கள் அவை. இதை அறியாமல் முப்பரிமாணத் தொலைவுகளைக் கணக்கிட்டால், பூமிக்குள் இல்லாத தட்டையான தளம் ஒன்று முளைத்து, பரிமாணத்தைக் கெடுத்துவிடும். அட்சரேகை, தீர்க்கரேகையோடு நிறுத்திக்கொள்வது நல்லது. இடப்பிழைக்கும் தனிப் பத்தி உண்டு. பிழையே பல கிலோமீட்டர் இருக்கும்போது, அதைவிடச் சிறிய தொலைவில் தெரியும் அமைப்பை நம்பிப் பயனில்லை. இந்தக் குறைகளை மறைக்காமல் பத்தி போட்டுக் கொடுத்திருப்பதுதான் இந்தச் சேவையில் எனக்கு மிகவும் பிடித்தது.

பெரிய அதிர்ச்சிக்குப் பிந்தைய முதல் சில மணி நேரத்திலும் கவனம் தேவை. பெரிய அலைகளுக்குள் சிறிய பின்னதிர்வுகள் அமுங்கிப்போவதால், அவற்றில் பல இந்தப் பட்டியலில் ஏறுவதே இல்லை. சிறிய பெட்டிகளில் கோடு வளைந்தால், அது பூமியின் குணமா பட்டியலின் ஓட்டையா என்று யோசிக்க வேண்டும். அந்த இடத்தில் குறைந்தபட்ச அளவை 5 அல்லது 5.5-க்கு உயர்த்தி, கோடு மாறுகிறதா என்று பார்க்கச் சொல்வேன்.

பரிமாணம் குறைந்தால் அடுத்த பெரிய நிலநடுக்கம் வரப்போகிறது என்று சிலர் எழுதுகிறார்கள். மாணவர்கள் அதை நம்பி வருவது எனக்குக் கவலையாக இருக்கிறது. இந்த எண் நடந்ததன் கொத்துத்தன்மையை அளக்கிறது, தேதி சொல்லாது.

உலகப் பெருநிலநடுக்கங்களுக்கு இதைத் தாராளமாகப் பரிந்துரைக்கிறேன். மகாராஷ்டிரத்தின் கொய்னா போல, நீர்த்தேக்கத்தை ஒட்டிச் சின்னச் சின்ன அதிர்வுகள் வந்துகொண்டே இருக்கும் இடத்துக்கு இது போதாது. அங்கே பெரும்பாலானவை 4.5-க்குக் கீழே. டெல்லியிலுள்ள தேசிய நில அதிர்வு மையத்தின் பட்டியலிலிருந்து தொடங்குங்கள்.