மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தோட்டச் சாமான் கடை: அம்மோனியா வாங்கியவனின் நாலு நட்சத்திரம்

உரம், களைக்கொல்லி, பால்மரம் வெட்டும் கத்தி, செமுட் ஆசிட் (ரப்பர் பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் அமிலம்) எல்லாம் விற்கிற பழைய கடை. நான் போனது அம்மோனியாவுக்கு. ரப்பர் பால் தானாக உறைந்துவிடாமல் இருக்க தோட்டத்தில் ஊற்றுவார்களே, அதே சரக்குதான். ஆய்வகத்தில் ஆர்டர் போட்டது மூன்று வாரமாகியும் வரவில்லை, இங்கே கேட்ட உடனே கிடைத்தது, விலையும் பாதிகூட இல்லை.

எனக்கு எதற்கென்றால், நான் செய்வது மெசோபோரஸ் சிலிகா, அதாவது நுண்ணிய துளைகள் நிறைந்த சிலிகாத் தூள். சிடிஏபி என்று சோப்பு ஜாதியில் ஒரு பொருள், தண்ணீரில் அதன் மூலக்கூறுகள் கூட்டம் கூட்டமாகச் சேரும், டிஇஓஎஸ் என்ற, உடைந்து சிலிகா தரும் திரவத்தை ஊற்றினால் சிலிகா அவற்றோடு சேர்ந்து படியும், அப்புறம் 550 டிகிரியில் சுட்டால் சோப்பு எரிந்துபோய் இரண்டு மூன்று நானோமீட்டர் துளைகள் தேன்கூடு மாதிரி வரிசையாக மிஞ்சும். 1992-இல் மோபில் எண்ணெய் நிறுவன ஆய்வாளர்கள் எம்சிஎம்-41 என்று வெளியிட்டார்களே, அந்தக் குடும்பம்தான். துளையின் அகலம் பெரும்பாலும் சிடிஏபி மூலக்கூறின் வால் நீளத்தைப் பொறுத்தது. ஆனால் துகள் உருண்டையாக வருமா, கோணல்மாணலாக வருமா என்பது அம்மோனியா, எத்தனால், கலக்கும் வேகம் இவற்றின் கையில். என் தலைவலியெல்லாம் அங்கேதான்.

முதல் பாட்டிலில் குறையே இல்லை. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் கோலிக்குண்டு மாதிரி அழகான உருண்டைகள். ஒரு மாதம் கழித்து வாங்கிய இரண்டாவதில்தான் வினை. மூடியைத் திறந்தபோது மூக்கில் சுருக்கென்று ஏறவில்லை, அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். வழக்கமாகச் சில நிமிடத்தில் பால் மாதிரி வெளுக்கும் கரைசல், நான் தே தாரிக் குடித்து முடித்துத் திரும்பியும் தெளிவாகவே கிடந்தது. அம்மோனியா குறைந்தால் டிஇஓஎஸ் மெதுவாகத்தான் உடையும், துகளின் அளவும் உருவமும் மாறும். கடைசியில் வந்தவை ஒன்றோடொன்று ஒட்டிய கட்டிகள். பாட்டிலில் அம்மோனியா எவ்வளவு என்று ஆசிட் வைத்து அளந்து பார்த்தேன், லேபிளில் போட்டதைவிட நன்றாகவே குறைவு. இரண்டு நாள் வேலை வீண்.

கடைக்காரரிடம் போய்ச் சொன்னேன். "தம்பி, தோங் (பீப்பாய்) திறந்து மூணு வாரம் ஆச்சு, காத்துல கொஞ்சம் போயிருக்கும். பாலுக்கு ஊத்துறவன் ரெண்டு கரண்டி கூட ஊத்திக்குவான், உனக்குத்தானே கணக்கு!" என்று சிரித்துவிட்டு, சீல் உடைக்காத தோங்கிலிருந்து காசு வாங்காமல் மாற்றிக் கொடுத்தார். அதை அளந்தேன், சரியாக இருந்தது, உருண்டைகளும் திரும்பி வந்தன. ஒரு நட்சத்திரம் குறைத்தது அந்தத் திறந்த தோங்குக்காக. அளக்காமல் ஊற்றியது என் தப்பு, அதற்கு அவர் மேல் பழி போட முடியாது.

போகிறவர்கள் புது தோங்கிலிருந்து கேளுங்கள், இறுக்கமான மூடியுள்ள பாட்டில் கொண்டுபோங்கள். காரில் எடுத்துவந்தால் கண்ணாடியை இறக்கிவிடுங்கள், நான் ஈப்போ வரை கண்ணில் தண்ணீரோடுதான் ஓட்டினேன்.